காக்கா இல்லாத மலையில் ஆடி அமாவாசை

நம் ஊரில் மலை ஏறினால் மேலே ஒரு முருகனாவது இருப்பார். மூச்சு வாங்க ஏறிப் போனதற்கு ஒரு தீபாராதனை, ஒரு தொன்னைப் பொங்கல், இறங்கும்போது பொரிகடலை என்று ஏதாவது கிடைக்கும். அமெரிக்காவில் மலை ஏறினால் மேலே ஓர் ஏரி இருக்கும். ஏரியைச் சுற்றி மரம் இருக்கும். அதைப் பார்த்து ‘வாவ்’ என்று சொல்லிவிட்டு ஏறின வழியே இறங்கி வர வேண்டியதுதான். இதற்கு டே ஹைக் என்று பெயர். எண்பதுகளில் என் சனிக்கிழமைகளில் பாதி இப்படித்தான் போயின.

நாங்கள் அப்போது ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அதுவரை அவருக்கு நடை என்றால் காரை நிறுத்திய இடத்திலிருந்து கடை வாசல் வரைதான். அந்த இடத்தையும் வாசலுக்குப் பக்கமாகப் பிடிக்க நாலு சுற்று சுற்றுவார். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் மலைக்குக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

அந்த வருஷம் தை மாதம் குளித்தலையில் மாமா, அதாவது அவருடைய அப்பா, போய்விட்டார். இவர் ஒரே பிள்ளை. போன் வந்ததும் “வந்துடறேம்மா, எடுத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டார். க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்த நேரம் அது. வக்கீலிடம் கேட்டால், பேப்பர் கைக்கு வராமல் இந்த நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் அத்தனையும் போச்சு, திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றார். அன்றைக்கே மறுபடி ஊருக்கு போன் போட்டு, வர முடியாதும்மா என்று இவர் சொல்ல வேண்டி வந்தது. அங்கே சாயங்காலம் வரை உடம்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். “சரிப்பா.”

இவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கினார். அதற்கடுத்த வாரம் அதைவிடப் பெரிய குன்று. பனி உருகினதும் சியரா மலைத்தொடருக்கே கிளம்பிவிட்டார். தனியாக விட எனக்கு மனசில்லை. நானும் பெண்ணும் கூடவே போனோம். சேலைக்கு மேலே பனிக்கோட்டு, காலில் கேன்வாஸ் ஷூ. எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரும் என்னைப் பார்த்துச் சிரித்து ‘ஆல்மோஸ்ட் தேர்’, இதோ வந்துவிட்டது, என்பார். அத்தனை பேரும் பொய்யர்கள். அந்த ஆல்மோஸ்ட்டுக்குப் பிறகு ஒரு முழு மலை பாக்கி இருக்கும்.

எங்களுக்குத் துணையாக இன்னொரு ஜோடியும் வரும். அவர் யாழ்ப்பாணத்து டாக்டர், சான் ஹோசேயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அவரும் மனைவியும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். சண்டை பெரிதானதும் ஊரை விட்டு வந்தவர்கள். டாக்டரிடம் மேப் இருக்கும், திசைகாட்டி இருக்கும், ஒவ்வொரு பூச்சிக்கடிக்கும் தனித்தனி மருந்து இருக்கும். அந்த அக்கா மீன் கட்லட் கொண்டு வருவார். நான் புளிச்சாதம், தயிர்ச்சாதம், உளுந்து வடை எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வருவேன். அந்தப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்களும் மலை ஏறுவார்கள். வழியில் போகிற அமெரிக்கர்கள், பாதாமும் திராட்சையும் கொறித்துக்கொண்டே, உள்ளே யாருடைய சிறுநீரகமாவது போகிறதோ என்கிற மாதிரி பெட்டிக்கு வழி விடுவார்கள்.

ஆடி மாதம் வந்தது. அத்தை ஊரிலிருந்து அனுப்பிய நாள்காட்டியில் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. மாமா போன பிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை. தலை முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்காவுக்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகுதான் வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டும். காக்கா எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்று சொல்லுவார்கள். இது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இவருக்கு அது மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. சிங்க்கில் நான் பாத்திரம் தேய்க்கும்போது பின்னாலேயே வந்து நின்றார்.

“எடுக்கலேன்னா?”

“எது?”

“காக்கா. எடுக்கலேன்னா அப்பா கோவமா இருக்காருன்னு அர்த்தமா?”

“எடுக்கும்” என்றேன். வேறு என்ன சொல்ல. மனுஷர் ஏழு மாதமாகச் சுமந்துகொண்டு அலைந்தது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. கொள்ளி வைக்க வராத பிள்ளையை அப்பா மன்னித்தாரா இல்லையா என்பதைக் காக்கா வந்து சொல்ல வேண்டும்.

அவர் இன்ஜினியர் அல்லவா, எதையும் சும்மா விடமாட்டார். எங்கள் பின்பக்க வேலியில் ஒரு காக்கா வந்து உட்காரும். ஆடி பிறந்ததிலிருந்தே அதற்கு ரொட்டித் துண்டு போட ஆரம்பித்தார். பிறகு சோறு. பிறகு பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு. அமாவாசைக்கு முந்தின வாரம் அது கிச்சன் ஜன்னலில் வந்து, இன்னும் ஆகவில்லையா என்று என்னைக் கத்துகிற அளவுக்குப் பழகிவிட்டது. டெஸ்ட் எல்லாம் பாஸ், ஞாயிற்றுக்கிழமை அது வராமல் போக வழியே இல்லை என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார். அந்த நிம்மதியில் சனிக்கிழமை வழக்கம்போல மலைக்குப் போவோம் என்றார்.

போனோம். விடியுமுன் கிளம்பி, வழியில் ஒரு கடையில் அவர் டோனட் தின்று, மலை ஏறி, ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தண்ணீர் அத்தனை நீலம். எதிர்க்கரைப் பாறையில் இன்னும் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், எனக்குப் பதினொன்று பறந்திருந்தது. பெட்டியைத் திறந்து புளிச்சாதத்தில் கரண்டியைப் போட்டேன். அப்போதுதான் டாக்டர் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்.

“இண்டைக்கு இருட்டினாப் பிறகும் இஞ்ச இருக்கலாமெண்டால் நல்லாயிருக்கும். வெள்ளியெல்லாம் வடிவாத் தெரியும். இண்டைக்கு அமாவாசையெல்லோ.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

“நாளைக்கு” என்றார் என் வீட்டுக்காரர்.

“இல்லை ஐசே, இண்டைக்குத்தான். காலமை பேப்பரிலை கிடந்தது.”

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் பார்த்தேன். நாள்காட்டி குளித்தலையில் தொங்க வேண்டியது. அங்கே ஞாயிறு பொழுது ஏறும்போது இங்கே இன்னும் சனிக்கிழமை. நிலவுக்கு நாங்கள் ஃப்ரீமான்ட்டில் இருப்பது தெரியாது. நாங்கள் நாளைக்கு எழுந்து குளித்து எள்ளைக் கையில் எடுக்கும்போது அமாவாசை முடிந்து போயிருக்கும். ராக்கெட் விடுகிற ஊரில் உட்கார்ந்து மணிக்கணக்கை மைக்ரோ செகண்டாக நறுக்குகிற மனுஷர், அப்பா திதிக்கு மட்டும் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்.

“வீட்டுக்குப் போயிடலாம்” என்றார்.

“போய்ச் சேரறதுக்குள்ள இருட்டிடுங்க. இருட்டினா எந்தக் காக்கா வரும்?”

“என் காக்கா அங்க இருக்குடி” என்றார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும் வார்த்தைதான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கரண்டியை வெளியே எடுத்துப் பெட்டியை மூடினேன். இனி காக்கா எடுக்கிற வரை ஒருத்தர் வாயிலும் ஒரு பருக்கை படக்கூடாது.

பிறகு நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறவர்கள் நான் கயிறு திரிக்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள்.

முதலில் மீன் கட்லட்டை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அந்த அக்கா, “ஐயோ, என்னால உங்களுக்குத் தோஷம் வந்திடும்” என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போய் ஒரு பாறை மேல் அதற்குக் காவலாக உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே எங்களுக்குக் கை காட்டினார்.

அடுத்தது டோனட். அமாவாசையும் அதுவுமாக வயிற்றில் டோனட்டை வைத்துக்கொண்டு எள் இறைக்கலாமா என்று இவருக்குச் சந்தேகம். “தெரியாம சாப்பிட்டது கணக்குல வராது” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்க வேண்டும்.

தலை முழுக ஏரி இருந்தது. பனி உருகி வந்த தண்ணீர். விரலை வைத்தாலே சுரீர் என்றது. இவர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூன்று முழுக்கு போடுகிறேன் என்று முதல் முழுக்கிலேயே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். சத்தம் வரவில்லை. டாக்டர் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

“காணும் ஐசே, வெளியில வாரும். உமக்கென்ன விசரே? நெஞ்சு அடைச்சுப் போம்.”

“இன்னும் ரெண்டு.”

“நீர் முழுகினதும் போதும், உம்மட கொப்பர் பாத்ததும் போதும். வாரும்.”

இவர் கேட்கவில்லை. மூன்றையும் போட்டுவிட்டுத்தான் கரை ஏறினார். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அமெரிக்கக் கும்பல் கை தட்டியது.

எள்தான் இல்லை. புளிச்சாதப் பொடியில் எள் இருந்தது, ஆனால் மிளகாயோடும் பெருங்காயத்தோடும் அரைபட்டுப் போயிருந்தது. மாமாவுக்கு மிளகாய்த் தண்ணீரா இறைப்பது? அப்போது என் பெண் தன் பையிலிருந்து வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பன்னை எடுத்தாள். புளிச்சாதம் பிடிக்காது என்று தனியாகக் கொண்டு வந்தது. பன் மேலே எள்.

“அதக் குடும்மா” என்றார்.

“நோ. இட்ஸ் மை லஞ்ச்.”

“எள்ளு மட்டும்தான்.”

“வொய்?”

“தாத்தாவுக்கு.”

அவள் பன்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், நீட்டினாள். ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டே பாறையில் உட்கார்ந்து இவர் பன்னிலிருந்து எள்ளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க, டாக்டர் தன் பையிலிருந்து இடுக்கியை எடுத்து உதவிக்கு வந்தார். வெள்ளை எள். கறுப்பாக இருக்க வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றேன். திசைகாட்டியை வைத்து டாக்டர் தெற்கைக் காட்டினார். இவர் தெற்கே பார்த்து நின்று, தாத்தா பெயர், பூட்டன் பெயர் எல்லாம் சொல்லி, கடைசியில் அப்பா பெயரையும் சொன்னார். எள்ளும் தண்ணீரும் ஏரியில் விழுந்தன.

இனி காக்கா. ஒரு பேப்பர் தட்டில் சோறும் வடையும் வைத்துப் பாறை மேல் வைத்தோம். வந்தது காக்கா இல்லை. கொண்டை வைத்த, பளபளவென்று நீலமான ஒரு பறவை.

“டாட், தட்ஸ் எ ஜே” என்றாள் பெண்.

“போ, போ” என்று இவர் அதை விரட்டினார். நான், எடுத்தால் எடுக்கட்டுமே, இந்த ஊர்க் காக்கா நீலம் என்று வைத்துக்கொள்வோம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஓர் அணில் வந்தது, அணிலுக்குப் பெரியப்பா மாதிரி தடியாக இன்னொன்று வந்தது. நான் சேலைத் தலைப்பை வீசி வீசி விரட்டினேன். மேலே பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் காக்காவுக்கு என்ன வேலை.

இந்தக் கூத்து நடக்கும்போதுதான் தொப்பி வைத்த ஒரு ரேஞ்சர் பெண் வந்து சேர்ந்தாள். இங்கே பறவை, மிருகம் எதற்கும் சாப்பாடு வைக்கக்கூடாது, போர்டைப் பார்க்கவில்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

“பறவைக்கு இல்லை, என் அப்பாவுக்கு” என்றார் இவர் இங்கிலீஷில்.

அவள் முகம் இளகியது. “அப்படியா, அவர் எங்கே?”

“இன்னும் வரவில்லை.”

“தனியாகவா வருகிறார்?”

“தனியாகத்தான்.”

“வயது என்ன?”

“எழுபது தாண்டிவிட்டது.”

அவள் இடுப்பிலிருந்து வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். “என்ன உடை போட்டிருக்கிறார்?”

இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போய்ப் போய் இவருக்கு ஒரு பழக்கம் ஆகியிருந்தது. யூனிஃபார்ம் போட்டவர் எது கேட்டாலும் கேட்டதற்கு மட்டும், உண்மையை மட்டும் சொல்லுவார். “வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.”

“கடைசியாக அவரை எங்கே பார்த்தீர்கள்?”

“மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில்.”

வயர்லெஸ்ஸை அமுக்கியிருந்த விரல் அப்படியே நின்றது. “அது எங்கே இருக்கிறது?”

“மெட்ராஸில். என்னை வழியனுப்ப வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். நான் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வேகமாகப் போய்விட்டேன். ஜனவரியில் இறந்துவிட்டார். என்னால் போக முடியவில்லை.”

ஏழு மாதமாக என்னிடம் சொல்லாததை, ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி சொல்லிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ரேஞ்சர் எங்கள் பெண்ணைப் பார்த்தாள். அவள்தான் விளக்கினாள். “ஹீ கம்ஸ் ஆஸ் எ க்ரோ. வீ கான்ட் ஈட் டில் ஹீ ஈட்ஸ்.”

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, இங்கே அனுமதிக்க முடியாது, ஆனால் மலைக்குக் கீழே நெடுஞ்சாலை திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் பெரிய பெரிய கறுப்புப் பறவைகள் எப்போதும் இருக்கும் என்றாள். அது காட்டு எல்லைக்கு வெளியே, அங்கே யார் எதைத் தின்கிறார்கள் என்று நான் பார்க்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

இறங்கினோம். ஏறும்போது மூச்சு வாங்கிய கூட்டம் இறங்கும்போது ஓடியது. முன்னால் இவர் ஈரத்தலையோடு, பர்ஸில் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து எடுத்துப் பூசிய விபூதியோடு, கையில் சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு. அவர் பின்னால் ஐஸ் பெட்டியோடு நானும் டாக்டரும். நூறு அடி தள்ளிக் கட்லட்டோடு அந்த அக்கா. எதிரே ஏறி வந்த ஒருவர் எங்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ‘ஆல்மோஸ்ட் தேர்’ என்றேன்.

அந்த ஊரை ஊர் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். ஒரு பெட்ரோல் பம்ப், கட்டில் அளவுக்கு ஒரு தபால் ஆபீஸ், ஆப்பிள் பை விற்கிற ஒரு சாப்பாட்டுக் கடை, மரத்துக்கு மரம் ஒளிந்துகொண்டு சில வீடுகள். கடைக்குப் பின்னால் போனோம். குப்பைத் தொட்டி மேலே இருந்தார்கள். கோழி அளவுக்கு, கன்னங்கரேல் என்று.

“உது அண்டங்காகமெல்லோ” என்றார் டாக்டர்.

“அண்டங்காக்கா ஆகுமா?” என்று இவர் என்னைக் கேட்டார்.

“காக்காவுக்குமா ஜாதி பாப்பீங்க? வைங்க தட்டை.”

தட்டை வைத்து இவர் “கா… கா…” என்று கூப்பிட்டார். குளிரில் தொண்டை கட்டி, ஈனமான சத்தம்தான் வந்தது. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவல் மலையாகக் கிடந்தது, அதை விட்டு யார் வருவார்கள். டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். “தள்ளி நில்லும். எங்கட பக்கத்து வீட்டில விரதமெண்டால் காகத்தைக் கூப்பிடுறது நான்தான். எங்கட சர்ச் ஃபாதருக்குத் தெரிஞ்சு அடியும் வாங்கியிருக்கிறன்.” இரண்டு கையையும் வாயில் குவித்து அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் கடைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். அண்டங்காக்காய்கள் தலையைச் சாய்த்து டாக்டரைப் பார்த்தன. திரும்ப வறுவலில் மூழ்கின.

“தே டோன்ட் நோ தமிழ், டாட்” என்றாள் பெண்.

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் தட்டுக்கு முன்னால் அப்படியே நின்றார். கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு மெல்ல என்னிடம் சொன்னார். “வரமாட்டாரு. எனக்குத் தெரியும்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. மாமனார் முன்னால் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை ‘காபி’, ‘சாப்பாடு எடுத்து வெச்சாச்சு’ என்பதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேராகக் குப்பைத் தொட்டிக்கு எதிரே போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“மாமா, என்ன நெனச்சுட்டு இருக்கீங்க? அவரு வேணும்னா வராம இருந்தாரு? விடமாட்டேன்னுட்டாங்க மாமா. ஏழு மாசமா மலை மலையா ஏறிட்டிருக்காரு, ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடறதில்ல. புள்ளைய இப்படி நிக்க வெச்சா உங்களுக்கு நல்லாருக்கா? இத்தனை பேர் பசியோட நிக்கிறோம். போதும். எறங்கி வந்து சாப்பிடுங்க.”

சமையல்காரர் கரண்டியைக் கீழே இறக்கினார். தொட்டியின் விளிம்பில் இருந்த ஒன்று, இருந்ததிலேயே தடித்தது, என்னைப் பார்த்தது. இறங்கியது. பறக்கவில்லை, நடந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீதியில் நடக்கிற பெரிய மனிதர் மாதிரி நிதானமாக வந்து, என் வீட்டுக்காரரின் பூட்ஸுக்கு அருகில் நின்று அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தது. தட்டில் முதலில் வடையை எடுத்துக் கீழே வைத்தது. பிறகு சோற்றைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. தின்றது, தின்றது, தட்டு காலியாகும் வரை தின்றது. வடையைக் கவ்விக்கொண்டு மரத்துக்கு மேலே போய்விட்டது.

என் வீட்டுக்காரர் தார்த் தரையில் உட்கார்ந்து அழுதார். தை மாதத்திலிருந்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். தூரத்தில் நின்ற அந்த அக்கா, கட்லட்டைத் திறக்கலாமா என்று கையால் கேட்டார். நான் திறக்கச் சொன்னேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சமையல்காரருக்கும் ஒரு தட்டுப் புளிச்சாதம் கொடுத்தோம். அவர் கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே ராத்திரி, ஊருக்கு போன் போட்டார். அத்தைக்குப் பக்கத்து அரிசி மண்டியில்தான் போன். ஆள் போய்க் கூட்டி வருவார்கள். அத்தை போனில் பேசுவது பக்கத்து அறைக்கும் கேட்கும், கடல் தாண்டிப் பேசுவதால் சத்தமாகப் பேச வேண்டும் என்று நினைப்பு. நானும் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, நாள் பாத்து செஞ்சியாப்பா?” என்றார்கள். குரலில் தெம்பே இல்லை.

“செஞ்சேம்மா. ஏன் ஒரு மாதிரி பேசறீங்க?”

“இங்க ஒண்ணும் சரியில்லப்பா. காலைல எல போட்டு வெச்சது. ஒரு காக்கா எட்டிப் பாக்கல. ஒஞ் சித்தப்பா மவன் மாடில நின்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். அப்படியே கெடக்கு சோறு. அவருக்கு என் மேல என்ன கோவமோ தெரியல. நான் இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல.”

இவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அம்மா, இங்க எடுத்துச்சும்மா.”

“எங்க?”

“இங்கம்மா. நேத்து. இங்க அமாவாசை நேத்தே வந்துடுச்சு. பக்கத்துல வந்து நின்னு, என்னைப் பாத்துட்டு, தட்டு பூரா சாப்பிட்டுது.”

அத்தை இந்தத் தடவை மெதுவாகப் பேசினார்கள்.

“அங்க வந்துட்டாரா? அதானே. அங்க வயிறு முட்டச் சாப்பிட்டா இங்க எப்படி எறங்கும். உன்ன ஒரு தடவ பாத்துடணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே கெடந்தாருப்பா. பாத்துட்டாரு.”

இவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“எப்படி இருந்தாரு?” என்றார்கள் அத்தை.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லா இருந்தாரும்மா. கொஞ்சம் பெருத்திருந்தாரு.”

“அந்த ஊருச் சாப்பாடு அப்படி” என்றார்கள் அத்தை. “சரி, வெய்யிப்பா. நான் போயிச் சாப்பிடறேன்.”